குதிரைக்கு நான்காவது கால்

1

இன்று எங்கள் அத்தா இறந்த நாள், அவருடைய ஆண்டு ஃபாத்திஹா. பினாங்கில், கடைக்கு மேலே இருக்கிற இந்த வீட்டில், காலையிலேயே பாய் விரித்து, லெப்பையை அழைத்து யாசீன் ஓதி முடித்தோம். சோறும் கறியும் அண்டை அயலாருக்குப் போயிற்று. குறை என்று சொன்னால் ஒன்றுதான். ஓதி முடிந்ததும் வந்தவர்களின் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அத்தா காய்ச்சிய தைலம், அவர் போன பிறகு என் தம்பி சுல்தான் காய்ச்சுகிற தைலம். இந்த ஒரு நாளுக்காகக் குன்னூரிலிருந்து வருடம் தவறாமல் ஒரு சீசா அனுப்புவான். பழைய கம்பளித் துணியில் சுற்றித் தைத்து, கப்பலில் வருகிற ஊர்க்காரர் யார் மடியிலாவது ஏற்றிவிடுவான்.

இந்த வருடம் சீசா வரவில்லை. வராது என்று எனக்கு முன்பே தெரியும். வந்தவர்களில் வயதான ஒருவர் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். என் மனைவி அவசரமாக அத்தர் எடுத்து வந்து சமாளித்தாள். தைலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. துறைமுகத்தில் நடந்தது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் வியாபாரம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கேயும் வியாபார மார்க்குகளைப் பதிவு செய்யப் புதுச் சட்டம் வரப்போகிறதாகப் பத்திரிகையில் படித்தேன். வரட்டும், நல்லதுதான். விண்ணப்பப் பாரத்தில் பெயர் எழுதுவதற்கு முன்னால் இந்தக் கதையை ஒரு தரம் படித்துவிட்டு எழுதுங்கள்.

2

அத்தாவுக்குக் குன்னூர் பஜாரில் சின்னக் கடை. கடையை விட அவருக்குப் பெரிதாக இருந்தது கேத்தி போகிற வழியில் ஓடைக்கரையில் போட்டிருந்த தைல அடுப்பு. வெள்ளைக்காரர்கள் விறகுக்காக மலை முழுக்க நட்டு வைத்த கற்பூர மரத்தின், அதாவது யூகலிப்டஸின், இலையைச் செம்புக் கொப்பரையில் அடைத்து, தண்ணீர் ஊற்றி, மூடித் தீ போடுவோம். ஆவி குழாய் வழியாகப் போய் ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து சொட்டும். மேலே மிதப்பதை வழித்து எடுத்தால் தைலம். சளிக்கும் இடுப்பு வலிக்கும் அட்டைக் கடிக்கும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் நம்பியிருந்தது அதைத்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதி நாள் கூலி போய்விடும்.

அத்தா சீசாக்களை ஒரு மட்டக்குதிரையில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போவார். அதனால் லேபிளுக்கும் குதிரைப் படமே போடலாம் என்று கோயமுத்தூர் அச்சகம் ஒன்றுக்கு எழுதினார். கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் குதிரைக்கு மூன்றே கால். முன்னே இரண்டு, பின்னே ஒன்று. அச்சுக் கல்லில் வரைந்த புண்ணியவான் நான்காவது காலை மறந்துவிட்டான். அத்தா அன்றைக்கு முழுக்க அந்த அச்சகக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் அதையே ஒட்டினார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் தைலத்துக்குப் பேர் வந்ததும் கள்ள லேபிள்கள் கிளம்பின. கள்ள லேபிள் அடித்தவன் ஒவ்வொருவனும் குதிரைக்கு நான்கு கால் போட்டான். அசலில் இருப்பது பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டான். அத்தா அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு எஸ்டேட் லைனில் போய் நின்று அவர் சொல்வது ஒரே வாசகம்தான்.

“காலை எண்ணிப் பாத்து வாங்குங்க. மூணு இருந்தா நம்மளது.”

எழுத்துத் தெரியாத பெண்கள் சீசாவைக் கையில் வாங்கி, விரல் வைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் முந்தானையில் முடிவார்கள். பிறகு எத்தனை தரம் லேபிள் அடித்தாலும் அத்தா அந்தக் காலைப் போட விடவில்லை.

3

ஊரில் சட்டத்துக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அடுப்புக்கு முனிசிபாலிட்டி லைசென்ஸ். இலை வெட்ட காட்டிலாகா பெர்மிட். குன்னூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வெலிங்டன் கண்டோன்மெண்ட். அங்கே முனிசிபாலிட்டி காகிதத்தை நீட்டினால் மடித்து உள்ளே வைக்கச் சொல்வார்கள், பட்டாளத்து எல்லைக்குள் அவர்கள் முத்திரை வேண்டும். மார்க்குக்கு என்று தனிச் சட்டம் இல்லை. ரிஜிஸ்திரார் கச்சேரியில் ‘இந்தப் படம் என்னுடையது’ என்று அறிக்கை எழுதிப் பதிந்து, பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டால், நாளைக்கு வழக்கு வந்தால் காட்டலாம். அத்தா அதையும் செய்தார்.

ஒரு தரம் மைசூர் சீமையில், குண்டல்பேட்டையில், ஒருவன் எங்கள் குதிரையைப் போட்டு விற்கிறான் என்று சேதி வந்தது. அத்தா பதிந்த காகிதத்தைத் தகர உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் சுல்தானும் கூடப் போனோம். பைக்காரா தாண்டி, கூடலூர் இறங்கி, முதுமலைக் காடு வழியாக மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லி, காகிதத்தை முழுக்கப் படித்தார். இது வெள்ளைக்காரர் சீமைக் காகிதம், மகாராஜா சீமையில் செல்லாது, இங்கே முதலில் விற்றவன் அவன்தான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பி வருகிற வழியில், இரண்டு சீமைக்கும் எல்லையான மாயாற்றங்கரையில் வண்டியை நிறுத்திக் கை கால் கழுவும்போது அத்தா சொன்னார்.

“காயிதம் ஆத்தத் தாண்டாதுடா. மனுசன்தான் தாண்டுவான்.”

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. தோற்றுப் போனவர் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனை காகிதத்தையும் விட அத்தா நம்பியது பஜார் நோட்டை. ராவுத்தர், செட்டியார் என்று பேதமில்லாமல் பஜார் வியாபாரிகள் வைத்திருந்த தடித்த நோட்டு அது. ஒரு பக்கத்துக்கு ஒரு லேபிள் ஒட்டி, கீழே யாருடையது என்று எழுதியிருக்கும். அதற்கு ஒரே விதி. அடுப்பை யார் எரிக்கிறாரோ, சரக்கை யார் கையால் செய்கிறாரோ, மார்க் அவருடையது. மார்க்கை மட்டும் தனியே கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது.

அத்தா மௌத்தான பிறகு பஜார் பெரியவர்கள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து நோட்டைத் திறந்தார்கள். எனக்குக் கடல் தாண்டிப் போக ஆசை. சுல்தானுக்கு அடுப்பை விட்டு நகர மனசில்லை. மார்க் யாருக்கு என்று வழக்கப்படி என்னை மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் “தம்பிக்குத்தானுங்க” என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவன் காய்ச்சி அனுப்புவது, நான் பினாங்கில் விற்பது என்று ஏற்பாடு. நான் கிளம்புகிற அன்று சுல்தான் மேட்டுப்பாளையம் வரை ரயிலில் கூட வந்தான்.

4

இங்கே வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தத் தெருத் தமிழர்கள் பெரும்பாலும் கடற்கரைக்காரர்கள். வந்த புதிதில் நான் “ஏனுங்க” என்று கூப்பிட்டால் கடைக்குக் கடை திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டை ‘ஊடு’ என்று சொல்வதை விட்டேன். மெதுவாக எல்லாவற்றையும் விட்டேன். என் மனைவி நாகப்பட்டினத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவள். என் மகள் மைமூன் என்னை அத்தா என்று கூப்பிட்டதே இல்லை, அவளுக்கு நான் வாப்பா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், படம் நன்றாக வரைவாள். கோபம் வந்தால் மலாயில் பேசுவாள். குன்னூரைப் பற்றி நான் சொன்னால் பாடப்புத்தகத்தில் வருகிற ஊரைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வாள். குற்றம் அவளுடையது இல்லை. மனிதர்கள் சிரிக்கிற இடத்தில் எதையும் மூடி மறைத்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான்.

இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன். இங்கே மார்க் சட்டம் வந்தது. பதிவு செய்யாதவன் வழக்குப் போட முடியாது என்றார்கள். அதே சமயம் எங்கள் தெருவிலேயே ஒருவன் குதிரைப் படத்தை அடித்து, எதையோ சீசாவில் ஊற்றி விற்க ஆரம்பித்தான். நான் வக்கீலிடம் ஓடினேன். வக்கீலின் குமாஸ்தா ஆங்கிலம் படித்த இளைஞர், நல்ல வெள்ளைக் கோட்டு. லேபிளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். குதிரைக்கு ஒரு கால் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலில்லாததுதான் எங்கள் மார்க் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது. மலையிலிருந்து வந்த பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களே என்று, நானும் சேர்ந்து சிரித்தேன். அச்சுப் பிழை, நீங்களே சரி பண்ணிவிடுங்கள் என்றேன். அவர்கள் ஆள் அழகாக நான்காவது காலை வரைந்தான். குளம்புக்கு லாடம் கூடப் போட்டிருந்தான்.

பாரத்தில் ‘உரிமையாளர்’ என்று ஒரு கட்டம், ஒரே ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு. தம்பி பெயர் போட்டால் அவன் கையெழுத்து வேண்டும், ஊரில் நோட்டரி வேண்டும், கப்பலில் போய் வர மாதங்கள் ஆகும் என்றார்கள். என் பெயரில் இருந்தால் என்ன, அவன் பெயரில் இருந்தால் என்ன, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே என்று என் பெயரை எழுதினேன். ஊருக்கு இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

5

குதிரைப் படத்தோடு சான்றிதழ் வந்தது, அசலைக் கடையிலும் நகலை வீட்டிலும் கண்ணாடி போட்டு மாட்டினேன். கள்ளச் சரக்கு விற்றவன் ஒரே நோட்டீஸில் அடங்கினான். துறைமுகத்திலும் ஒரு மனு கொடுத்து வைக்கச் சொன்னார் வக்கீல். என் அனுமதி இல்லாமல் குதிரைப் படம் போட்ட தைலம் எது வந்தாலும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்துத் துறைமுக ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக வைத்திருந்தார்கள். மூடியை நெம்பித் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அந்த வாசம் உலகத்தில் ஒரே ஓடைக்கரையில்தான் உண்டு. சுல்தானின் சரக்கு. பெட்டி மேல் என் பெயர் இல்லை. பேராக் பக்கம் தைப்பிங்கில் கடை வைத்திருக்கிற அவன் மச்சானின் பெயர் இருந்தது.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. பஜார் நோட்டுப்படி மார்க் அவனுடையது, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புவான். அந்தப் பக்கம் எனக்கு வியாபாரமும் கிடையாது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் கண் முன்னாலேயே என்னைத் தாண்டிப் போகிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் அவனுக்குச் சொல்லாமல் செய்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதிகாரி என் சான்றிதழ் நகலையும் ஒரு சீசாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இது உங்கள் மார்க்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதற்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா என்று கேட்டார்.

“கொடுக்கலை” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. சட்டப்படி ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் படத்தை உற்றுப் பார்த்து, அசலில் கால் நான்கு, இதில் மூன்று, ஆகையால் இது போலி என்று பதிந்தார். அத்தா ஆயுள் முழுக்க எஸ்டேட் எஸ்டேட்டாகச் சொன்னதைத் தலைகீழாக எழுதினார். நான் அந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதிலும் ஒரு கூத்து உண்டு. இந்தச் சட்டம் பினாங்கோடு சரி. பேராக் மன்னர் சீமையில் என் பதிவு செல்லாது. அந்தப் பெட்டிகள் தைப்பிங் பக்கத்துத் துறையில் நேரே இறங்கியிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மாயாற்றங்கரையில் அத்தா சொன்னது எனக்கு இந்தக் கடற்கரையில் வந்து விளங்கியது.

6

கோபம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. வக்கீலிடம் போய், அது என் தம்பி, விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன். வழி இருக்கிறது என்று ஒரு பத்திரம் தயாரித்துக் கொடுத்தார். மார்க்கின் உரிமையாளர் நான், என் அனுமதியின் பேரில் சுல்தான் அதை உபயோகிக்கிறான் என்று அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். வேறு விதமாக எழுத முடியாதா என்று கெஞ்சினேன். பாரம் அப்படித்தான் என்றார். அனுப்பினேன். கூடவே நாலு பக்கம் கடிதம் எழுதினேன். வெறும் சடங்கு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன்.

பதில் வர வெகுநாள் ஆயிற்று. சுல்தான் பேசுகிற மாதிரியே எழுதுவான்.

“அண்ணனுக்கு சலாம். ஊட்டுல எல்லாரும் சுகமுங்க. நீங்க அனுப்புன இங்கிலீசுக் காயிதத்தப் படிச்சுக் காட்டச் சொன்னேனுங்க. இதுல கையெழுத்துப் போட்டா, அத்தா அடுப்புல நான் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டுக் காச்சறேன்னு ஆகுமுங்க. அது பொய்யுங்க. போடலீன்னா பொட்டி போயிருமுன்னு எழுதியிருக்கீங்க. போகட்டுமுங்க. குதிரையையும் நீங்களே வெச்சுக்கங்க. பஜார்ல பெரியவங்க முன்னால மூணு தரம் சொல்லிக் குடுத்துட்டேனுங்க. இனி அங்க இங்க எந்தச் சட்டத்துலயும் அது உங்களுதுதானுங்க.”

உறைக்குள் பஜார் நோட்டிலிருந்து கிழியாமல் ஈரம் வைத்து உரித்தெடுத்த லேபிள் இருந்தது. அத்தா முதன்முதலில் ஒட்டியது. பின்னால் பழைய பசை மஞ்சளாக இருந்தது. இப்போது அவன் லேபிளே இல்லாமல் வெறும் சீசாவில் விற்கிறான் என்று பிறகு ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது.

பெட்டிகளைச் சட்டப்படி அழித்தார்கள். லேபிளைச் சுரண்டிவிட்டுத் தைலத்தைக் கிட்டங்கிக்குப் பின்னால் கொட்டினார்கள். கூலிக்காரர்கள் கையில் பிடித்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார்களாம். இரண்டு நாள் அந்த வாசம் எங்கள் தெரு வரை வந்தது. மைமூன் நன்றாக இருக்கிறதே, என்ன வாசம் வாப்பா என்று கேட்டாள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

இன்று காலை ஓதி முடித்த பிறகு, சீசாதான் இல்லையே என்று அந்த லேபிளை எடுத்து மேஜை மேல் வைத்திருந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் மைமூன் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று இறங்கியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். இதுவரை நான் அவளை அப்படி அதட்டியதில்லை. கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க போட்டதத்தானே வாப்பா நானும் போட்டேன்.”

சுவரில் இருந்த சான்றிதழில் நான்கு கால் குதிரையைக் காட்டினாள். பிறகு எழுந்து தாயிடம் போய் மலாயில் ஏதோ சொல்லி அழுதாள்.

7

வீட்டில் இருக்க முடியாமல் மத்தியானம் கடையைத் திறந்தேன். சுல்தானின் சரக்கு நின்ற பிறகு, ஆஸ்திரேலியாவிலிருந்து பீப்பாயில் வருகிற தைலத்தை வாங்கிச் சீசாவில் அடைத்து, பதிவு பெற்ற நான்கு கால் குதிரையை ஒட்டி விற்கிறேன். அதைக் கேள்வி கேட்க இந்தத் தீவில் ஒருவருக்கும் உரிமை கிடையாது.

ஒரு வயதான பெண் வந்தாள். ரப்பர் தோட்டத்திலிருந்து படகேறி வந்திருக்கிறாள். அலமாரியில் குதிரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேர் ராமாத்தாள், சின்ன வயதில் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தவள், புருஷனோடு இங்கே வந்துவிட்டாள் என்று அவளாகவே சொன்னாள். பேச்சைக் கேட்டதும் முக்காலியை இழுத்துப் போட்டேன். “ஏனுங்க, வாங்க, உக்காருங்க” என்றேன். எத்தனையோ வருடம் கழித்து என் வாயில் ஊர்ப் பேச்சு வந்தது.

சீசாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து முகரவில்லை. விலையும் கேட்கவில்லை. சீசாவை வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிரை மேல் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் நான்காவதில் வந்து நின்றது. இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணினாள்.

“இது நம்மளது இல்லீங்க” என்றாள்.

இது என்னுடையதுதான், அத்தா மார்க்தான், சுவரில் பாருங்கள் சர்க்கார் காகிதம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே வீட்டில் மைமூன் இன்னும் விசும்புவது கேட்டது.

“மலைமேல ஒரு ராவுத்தர் குதிரையில கொண்டாருவாருங்க” என்றாள் ராமாத்தாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. “காலை எண்ணாம வாங்காதீங்கன்னு அவருதான் சொல்லிக் குடுத்தாருங்க. உங்களையும் யாரோ ஏமாத்திப் போட்டாங்களாட்டிருக்குது.”

சீசாவைப் பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, படகுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனாள்.